எழுத்து நின்றுபோன ஞாயிற்றுக்கிழமை

விழுப்புரத்தில் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் பதினொரு வருடம் சினிமா விமர்சனம் செய்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அரை மணி நேரம், நேரலை. இப்போது இதைச் சொன்னால் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. தெருவுக்கு நாலு பேர் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படங்களைக் கிழித்துத் தொங்கவிடுகிற காலம் இது. அப்போது அப்படியில்லை. மீன் மார்க்கெட்டில் என்னை நிறுத்தி, "சார், இந்த வாரப் படத்துக்குக் குடும்பத்தோட போலாங்களா?" என்று கேட்பார்கள். போகலாம் என்றால் போவார்கள். வேண்டாம் என்றால் அரைக் கிலோ மீன் கூடுதலாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன். படத்தை விழுப்புரத்தில் பார்க்க மாட்டேன். இங்கே தியேட்டர்காரர்களுக்கு என் முகம் தெரியும். நல்ல சீட்டு, இடைவேளையில் குளிர்பானம், போகும்போது தோளில் ஒரு தட்டு. தோளில் தட்டியவன் படத்தைத் திட்ட எனக்கு வராது. அதனால் வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறித் திண்டிவனம் போய்விடுவேன். அங்கே வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து, வெளியே போகும் கதவுக்குப் பக்கத்தில் உட்காருவேன். எந்தக் காட்சியில் எத்தனை பேர் எழுந்து போகிறார்கள் என்று அங்கிருந்து பார்க்கலாம். அந்தத் தியேட்டரில் அப்போது மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொண்டுபோக விடுவார்கள். அரங்கம் முழுக்க ஓடு உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் அந்தச் சத்தம் தானாக நிற்கிறதோ அந்த இடத்தில் படம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். என் விமர்சனத்தில் பாதி அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுதியதுதான்.

கடைசிப் பெயர் ஓடி, விளக்கு போட்ட பிறகுதான் எழுந்திருப்பேன். எவ்வளவு மோசமான படமாக இருந்தாலும் இதை மாற்றியதில்லை. முழுக்கப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வயிற்றுப்பாட்டுக்கு, கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மனு டைப் அடிக்கும் வேலை. கடையில் கம்ப்யூட்டர் இருந்த பாவத்துக்கு, எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டும் ஆட்கள் வருவார்கள். நானும் சொல்லுவேன். அது நல்லது, இது வைரஸ் கொண்டுவரும், அது சென்னையில் எல்லாரும் போடுகிறார்கள். இதில் முக்கால்வாசியை நான் தொட்டதுகூட இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டு யாருக்கோ சொன்னேன். கேட்டவர் அதை இன்னொருவருக்குச் சொன்னார். ஒரு சாஃப்ட்வேரின் நல்ல பெயரும் கெட்ட பெயரும் எங்கள் ஊரில் இப்படித்தான் உண்டாகின்றன. வேறு ஊரில் வேறு மாதிரி உண்டாகிறது என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். வெளிநாட்டு சாஃப்ட்வேரைத் திருட்டு சிடியில் போட்டு, அது ஒரு நாளைக்குப் பத்து முறை உறைந்து நின்றால், "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு" என்பார்கள். நம் பக்கத்து ஊர்க்காரர் எழுதியது ஒரு முறை நின்றால், "எழுதனவனுக்கு ஒண்ணும் தெரியல" என்பார்கள். பெரிய நடிகரின் படம் ஓடாவிட்டால் மழையைக் குறை சொல்கிறோம், புதுமுகத்தின் படம் ஓடாவிட்டால் புதுமுகத்தைக் குறை சொல்கிறோம். படத்துக்காவது இரண்டரை மணி நேரம் பொறுமையாக உட்காருகிறோம். சாஃப்ட்வேருக்கு அந்தப் பொறுமையும் கிடையாது.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவன்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

டிவியில் கீழே ஒரு வரி ஓடுமே, அதைச் சொல்ல வேண்டும். லோக்கல் சேனலுக்கு உயிரே அந்த வரிதான். ஜவுளிக்கடை தள்ளுபடி, காதணி விழா வாழ்த்து, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, காணாமல் போன பசுமாடு எல்லாம் அதில்தான் போகும். எங்கள் சேனலில் அதற்குப் போட்டிருந்த வெளிநாட்டு சாஃப்ட்வேருக்குத் தமிழ் ஆகாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்து ஓடும். கல்யாண வாழ்த்துக்குக் காசு கொடுத்தவர்கள், பெண்ணின் பெயர் பிய்ந்து போனது என்று சண்டைக்கு வருவார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். பிரம்மதேசத்துக்காரி. அப்பா கூலிக்குக் கழனி வேலை செய்பவர். அவர்கள் தெருவில் இன்ஜினியரிங் படித்த முதல் ஆள் அவள்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். தமிழ் எழுத்து பிசகாமல் ஓடுவதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டு, மாவட்டம் முழுக்கக் கேபிள் ஆபீஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் முதலாளி ஒரு மாதம் சும்மா ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். ஓட்டினார். எழுத்து முத்து முத்தாக ஓடியது. மூன்று வாரத்தில் ஐந்தாறு ஊர் கேபிள்காரர்கள் விசாரித்தார்கள். நான் அவளை ஆபீஸ் படியில் இரண்டு முறை பார்த்தேன். "உங்க ப்ரோக்ராம் எல்லாம் பாத்துக்கினு வர்றேன் சார்" என்றாள். தலையை ஆட்டிவிட்டுப் போனேன்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை. நான் ஒரு படத்தைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தேன். நேயர்கள் போன் செய்கிற நேரம். ஒருவர் லைனில் வந்தார். குரலிலேயே சிரிப்பு இருந்தது.

"சார், படத்த உடுங்க. உங்க மூஞ்சிக்குக் கீழ பாருங்க. கண்ணீர் அஞ்சலின்னு போட்டு அப்படியே நிக்குது சார். பத்து நிமிசமா நிக்குது. வூட்ல எல்லாம் பயந்துட்டாங்க."

எதிரில் இருந்த சின்னத் திரையைப் பார்த்தேன். உண்மைதான். என் முகம், அதன் கீழே பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. வரி உறைந்து நின்றுவிட்டது. கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஊரையே கேலி செய்தவனை ஊர் கேலி செய்கிறது. பதிலுக்கு யாரையாவது கடிக்க வேண்டும் போல் இருந்தது.

"நம்ம ஊரு சாஃப்ட்வேர் இல்லீங்களா," என்றேன். "பிரம்மதேசத்துத் தயாரிப்பு. நம்ம படங்க மாதிரிதான். இன்டர்வெல் வரைக்கும் நல்லா ஓடும், அப்புறம் படுத்துக்கும். காச வாங்கறதுக்கு முன்னாடியே அஞ்சலி செலுத்திடுச்சு பாருங்க."

லைனில் இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்து வந்த நாலு போனும் அதைப் பற்றித்தான். அன்றைக்கு நிகழ்ச்சி அமோகம் என்று முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு நிமிடத்தை யாரோ வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டார்கள். செஞ்சி, திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி என்று கேபிள்காரர்கள் குழு எல்லாவற்றிலும் சுற்றியது. என்னிடமே மூன்று பேர் அனுப்பினார்கள். நானும் ரசித்துப் பார்த்தேன்.

புதன்கிழமை சேனல் ஆபரேட்டர் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தார். வயதானவர், வாய் நீளம் கிடையாது. "சார், அன்னிக்கி தப்பு நம்மளுது," என்றார். "மொதலாளி அந்த கம்ப்யூட்டர்லயே படமா ஏத்திக்கினு இருக்காரு. ஹார்ட் டிஸ்க்ல துளி எடம் இல்ல. எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் நின்னுதான் பூடும். அந்தப் பொண்ணு பேஜாராயி அழுதுக்கினு போச்சு சார்."

"அப்படியா? அடுத்த வாரம் சொல்லிடறேன்" என்றேன். சொல்லிவிடுவதாகத்தான் நினைத்தேன். அடுத்த வாரம் பெரிய நடிகர் படம் வந்தது. அரை மணி நேரமும் அதற்கே போதவில்லை. அதற்கடுத்த வாரம் எடுத்தால், ஆறிப்போன விஷயத்தைக் கிளறுகிற மாதிரி இருக்கும் என்று பட்டது. அதற்கும் அடுத்த வாரம் நினைவே வரவில்லை. இவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் ஒரு நல்ல காரணம் என்னிடம் இல்லை.

இடையில் ஒரு நாள் அவளே கடைக்கு வந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். மேஜை மேல் ஒரு பென் டிரைவை வைத்தாள். "ஒரே ஒரு தடவ போட்டுப் பாருங்க சார். பாத்துட்டு நல்லா இல்லன்னா டிவியிலயே சொல்லுங்க. ஒத்துக்கறேன்" என்றாள். கடையில் கூட்டம். பார்க்கிறேன்மா என்றேன். பார்க்கவில்லை. விசாரித்திருந்த ஐந்தாறு ஊரும் கை கழுவிவிட்டன என்று பின்னால் தெரிந்தது. எங்கள் முதலாளி பழைய சாஃப்ட்வேருக்கே திரும்பினார். மறுபடியும் கொம்பு பிய்ந்து ஓடியது. அதைப் பற்றி நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

அதன் பிறகு என் முறை வந்தது. முதலில் நட்சத்திரம் வந்தது. "சார், ஜனங்களுக்கு அவ்ளோ நேரம் கேக்கப் பொறுமையில்ல. அஞ்சுக்கு எத்தினின்னு ஜல்தியா சொல்லிடுங்க" என்றார் முதலாளி. இரண்டரை மணி நேரத்தை மூன்று நட்சத்திரத்தில் அடைக்கச் சொன்னால் எப்படி அடைப்பது? அடைத்தேன். அப்புறம் தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டினார்கள். இடைவேளைக்கு பாத்ரூம் போக வந்தவர் "படம் வேற லெவல்" என்று கத்துவார். அதுதான் விமர்சனம். அரை மணி நேரம் பத்து நிமிடமானது. பத்து, மூன்றானது. படத்தின் விளம்பரம் சேனலில் ஓடுகிற வாரத்தில் அந்தப் படத்தைத் தொடக் கூடாது என்றார்கள். எல்லா வாரமும் ஏதாவது ஒரு படத்தின் விளம்பரம் ஓடியது. திண்டிவனம் தியேட்டரிலும் மல்லாட்டைக்குத் தடை போட்டுவிட்டு ஒரு டப்பா சோளப்பொரியை யானை விலைக்கு விற்றார்கள். சோளப்பொரிக்குச் சத்தம் கிடையாது. படம் எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் போனது.

போனில் விமர்சனம் செய்கிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான். முதல் காட்சி முடிவதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். காசு கொடுத்தால் ஒரு தீர்ப்பு, கொடுக்காவிட்டால் ஒரு தீர்ப்பு. பார்க்காமலேயே சொல்கிறவர்களும் உண்டு. இதைக் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பினேன். ஒரு நாள் அப்படிப் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான், நான் திட்டுகிற ஆட்களில் நானும் ஒருவன் என்று உறைத்தது. உறைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. புலம்பலை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

போன வருடம் முதலாளி கூப்பிட்டு, வருகிற ஞாயிறோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். சேனலையே போனுக்கு மாற்றப் போகிறார்களாம், அதில் இளவட்டங்கள் பேசுவார்களாம். எனக்குச் சால்வை போர்த்துவதாகவும் சொன்னார். சால்வை வேண்டாம், கடைசி மூன்று நிமிடத்தை என் இஷ்டத்துக்கு விடுங்கள் என்று கேட்டேன். விட்டார்.

அந்த மூன்று நிமிடத்தில் படம் எதையும் பேசவில்லை. பல வருடம் முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெண்ணின் உழைப்பைக் கேலி செய்தேன், தப்பு அவள் சாஃப்ட்வேரில் இல்லை, எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேச்சு நன்றாக வந்துகொண்டிருந்தது, நிறுத்த மனமில்லை. "அந்த சாஃப்ட்வேர் இன்னைக்கும் எத்தனையோ ஊர்ல நிக்காம ஓடிக்கிட்டிருக்கு. தமிழுக்கு அது மாதிரி ஒண்ணு இல்லை. கேபிள் நண்பர்கள் தைரியமா வாங்கலாம்" என்று முடித்தேன். ஆபரேட்டர் கை தட்டினார். வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இத்தனை வருடம் தொண்டையில் நின்றது இறங்கிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, கடைக்குப் பிரிண்டர் சாமான் வாங்கத் திண்டிவனம் போனேன். திரும்பும்போது சாயங்காலம். பஸ் நிறுத்தத்தில் அந்தப் பிரம்மதேசத்துப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை, தோளில் பை. மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனிக்குத் தினமும் போய் வருகிறாளாம். மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் என்ன பிழை என்று பார்த்துச் சொல்கிற வேலை. பிரம்மதேசம் போகிற டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றாள். அவளே பேசியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"நீங்க டிவியில பேசனத அப்பா பாத்தாரு சார். அன்னிக்கி ஞாயித்துக்கெழம டூட்டி, கம்பெனில இருக்கசொல்ல போன் பண்ணி சொன்னாரு."

"நீ பாத்தியாம்மா?" என்று கேட்டேன். நன்றாக இருந்தது என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தேன். வெட்கக்கேடு, அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"அப்புறம் வாட்ஸ்அப்ல பாத்தேன் சார். எந்தெந்த ஊர்ல ஓடிக்கினு இருக்குதுங்க?"

நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

"தெரிஞ்சிக்கலாம்னுதான் கேக்கறேன். எனக்குத் தெரிஞ்சி எங்கயும் ஓடல. நீங்க மொதல்ல பேசன வருசமே யாரும் வாங்கல. வூட்ல ரெண்டு வருசம் பாத்தாங்க, அப்புறம் வேலைக்குப் போன்னு சொல்லிட்டாங்க. அதை எழுதன லேப்டாப்பே இப்ப இல்ல சார்."

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"நீங்க சொன்னதுக்கப்புறம் நாலு பேரு போன் பண்ணாங்க. செஞ்சிலேர்ந்து ஒருத்தரு அட்வான்ஸே தர்றேன்றாரு. ஒவ்வொருத்தருக்கா இல்லைங்க, மூடிட்டேங்கன்னு சொல்லிக்கினு இருக்கேன். அப்பவே நாலு பேரு வாங்கியிருந்தா போதும் எனக்கு."

அவள் குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மன்னிப்பு என்று எதையோ ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உங்களுக்கு என் மேல ஏதோ கோவம்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார், இத்தினி வருசம். படியில வணக்கம் சொல்லலியோ, மரியாத கொறஞ்சிடுச்சோன்னு எவ்வளவோ யோசிச்சிருக்கேன். வேணும்னேதான் மூடனீங்கன்னு நெனச்சேன். இப்பதான் தெரியுது. அது இருக்குதா, போச்சான்னே உங்களுக்குத் தெரியாது."

வேணும் என்றே செய்தேன் என்று பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அது அவளுக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். அதற்கும் வாய் வரவில்லை. 

ஒரு பஸ் வந்து நின்றது. அவள் பையைச் சரி செய்துகொண்டு அதை நோக்கி நடந்தாள். பலகையைப் பார்த்தேன். அது பிரம்மதேசத்துப் பக்கம் போகாது.

"அது பாண்டிச்சேரி வண்டிம்மா" என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.